காத்து வருமா?

குளிர்வாசல் – அத்தியாயம் 11

சேலையூரில் யார் வீடு பார்க்கப் போனாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். தண்ணி நல்லாருக்குமா? காத்து வருமா? பெண்ணைக் கொடுக்கப் போகிற இடத்தில்கூட மாப்பிள்ளையின் சம்பளத்தை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று, முதலில் மாடிப்படி ஏறிக் காற்றைப் பார்த்துவிட்டு வருகிற மாமனார்கள் கேம்ப் ரோட்டில் நிறைய உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊரில் 'காத்து ஜெயவேலு' என்று பெயர் எடுப்பது லேசான காரியமா?

ஜெயவேலுவுக்குச் செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம். லோடு சொல்ல வருகிறவர்களோடு அவரும் கிளம்பிப் போய்விடுவார். காலி மனையின் நடுவில் நின்று ஆட்காட்டி விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்குவார். கண்ணை மூடுவார். "இந்தாண்ட வையி ஜன்னல" என்று ஒரு பக்கம் கை காட்டுவார். இன்ஜினியர் போட்ட பிளானைச் சுருட்டி வைத்துவிட்டு மேஸ்திரி அந்தப் பக்கம் ஜன்னலுக்கு இடம் விடுவார். இன்றைக்குச் சேலையூரில் பாதி வீட்டு ஜன்னல் அந்த விரல் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. அத்தனையிலும் காற்று வருகிறது. அவருடைய பெருமைக்குக் கேட்பானேன்!

இந்த ஜெயவேலுதான் போன மாதம் மனைவியோடு கோத்தகிரிப் பக்கம் வீடு பார்க்கப் போனார். தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல்நாயகி டீச்சர் முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நின்று பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாக ரிட்டையர் ஆனவர். இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "மிச்ச நாளைக்குக் குளிர்ற ஊர்ல இருக்கணும். மத்தியானத்துல போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கணும்." மகன் துரை குறுக்கே விழுந்து தடுத்துப் பார்த்தான். டீச்சர் மசியவில்லை. என் ரிட்டையர்மென்ட் பணம், என் பேரில் வீடு என்று சொல்லிவிட்டார்.

ஜெயவேலு ஒரே ஒரு கண்டிஷனோடு ஒத்துக்கொண்டார். "எங்க வேணா வரேன் டீச்சர். காத்து மட்டும் வரணும்." கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மலையில் அவர்கள் பார்த்தது இரண்டு வீடு.

முதல் வீடு சரிவுக்குக் கீழே, மண்மேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தது. பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். தாழ்ந்த கூரை, தடித்த கல் சுவர், மொத்தமே இரண்டு சின்ன ஜன்னல், நடுவீட்டில் கணப்பு அடுப்பு. தையல்நாயகி வெளிச்சுவரில் கையை வைத்தார். வெயில் பட்ட கல் வெதுவெதுவென்று இருந்தது. கையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

"இன்னா டீச்சர், எலி வளையாட்டம் கீது? மூச்சு முட்டிப் பூடும்" என்றார் ஜெயவேலு.

இரண்டாவது, மலை முகட்டில் பொன்னுசாமி என்பவரின் வீடு. எட்டு ஜன்னல். விரலை நனைக்க வேண்டிய வேலையே இல்லை, வேட்டி பறந்தது. "பிச்சிக்கினு வருது பாரு டீச்சர்! இத்த வுட்டா வேற வூடு கெடையாது!"

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். காற்று விஷயத்தில் காத்து ஜெயவேலுவிடம் யார் பேசுவது?

ஆக, முகட்டு வீடுதான் என்று முடிவாகி, அட்வான்ஸ் கொடுக்கிற நாளும் வந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது.

பொன்னுசாமியும் மனைவி ஞானாம்பாளும் நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் வந்து, எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கினார்கள். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்ந்தவர் பொன்னுசாமி. வீட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூரில் மகள் வீட்டோடு போய்விட ஏற்பாடு. கூப்பிடப் போன துரை வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"அந்தம்மா கழுத்துல மப்ளரோட இறங்குறாங்கம்மா. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது."

"நீ போய் அங்க லுங்கியோட இறங்கு. அவங்களும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றார் டீச்சர்.

சாப்பாடு தடபுடல். சங்கரா மீன் குழம்பு, வறுவல், முடித்ததும் நுங்கு. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போயிற்று. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மலைக்காரர்கள் இருவரும் பனை விசிறியை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். பொன்னுசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"எப்படித்தான் இருக்கறீங்களோ போங்க" என்றார் ஞானாம்பாள். "நல்ல நேரத்துலயே அட்வான்ஸ முடிச்சுப் போட்டமின்னா ரயிலுக்குப் போயிருவமுங்க."

வெற்றிலை, பாக்கு, பழம், பணம் வைத்த கவர் எல்லாம் தட்டில் தயாராக இருந்தது. டீச்சர் கணவரைப் பார்த்தார்.

"இரு டீச்சர்" என்றார் ஜெயவேலு. "காத்து வரட்டும்."

"காத்து வந்தா என்ன, வராட்டி என்ன? ராகு காலம் வந்துடப் போகுது."

"அதுக்கு முன்னாடி கடல் காத்து வந்துடும். இன்னிக்கு மேக்கால காத்து மறிக்குது, அதான் லேட்டு. நம்ம வூட்டுக் காத்து மேல பட்டுக்கினே தட்டு கை மாறணும். இவுங்களும் தெரிஞ்சிக்கட்டும், காத்தோட அருமை தெரிஞ்ச ஆளுகிட்டதான் வூட்டக் குடுத்துட்டுப் போறோம்னு."

பொன்னுசாமி கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கென்னங்க, இருக்கலாம்" என்றார். சொல்லும்போது அவர் ஜெயவேலுவின் முகத்தைப் பார்க்கவில்லை. டீச்சர் அதைக் கவனித்தார். முப்பது வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டுப் பாடம் எழுதினானா இல்லையா என்று கண்டுபிடித்தவர் ஆயிற்றே.

துரை தட்டைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். அவனுக்கு ராகு காலம் சீக்கிரம் வந்தால் தேவலை.

ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் படபடத்தது.

"வந்துட்டான்!" என்று ஜெயவேலு எழுந்தே விட்டார். "வந்துட்டான் பாருங்க! எம்மாந் தூரத்துலேர்ந்து வரான்!"

தென்கிழக்கு ஜன்னல் வழியாகக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. கர்ட்டன் பறந்தது. தட்டில் இருந்த வெற்றிலை மேலெழுந்தது. நனைந்த முதுகில் பட்டதும் எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது.

ஞானாம்பாளைத் தவிர.

அந்த அம்மாள் விசிறியைக் கீழே போட்டுவிட்டு விருட்டென்று எழுந்தார். முதல் ஜன்னலைப் படாரென்று சாத்திக் கொக்கி போட்டார். அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது. கூடத்தைச் சுற்றி ஓடி நான்கையும் சாத்தினார். அதோடு விட்டாரா? நாற்காலியில் கிடந்த துண்டை உருவி, முறுக்கி, கடைசி ஜன்னலுக்கு அடியில் இருந்த சந்தில் கட்டை விரலால் அமுக்கி அமுக்கித் திணித்தார். திணித்துவிட்டு மப்ளரைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கூடம் வெந்தது.

அந்த வீடு கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடல் காற்று வரும் நேரத்தில் அந்த ஜன்னல்களை யாரும் சாத்தியதில்லை. ஜெயவேலு வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஐயோ!" என்றார் ஞானாம்பாள். தான் செய்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "கை பழக்கமுங்க... மன்னிச்சுக்கோங்க. காத்துச் சத்தம் கேட்டா எங்க ஊட்டுல முதல்ல இதத்தான் பண்ணுவேன். நெனப்பில்லாம..."

"ஞானாம்பா!" என்று பொன்னுசாமி பல்லைக் கடித்தார்.

டீச்சர் எழுந்து போய் ஞானாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல எட்டு ஜன்னல் இருக்கு. எத்தனை ஜன்னலைத் திறந்து வச்சிருப்பீங்க?"

ஞானாம்பாள் கணவரைப் பார்த்தார். கணவர் விசிறியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இனி மறைச்சு என்னங்க பண்ண? நாளைக்கு ஆடி மாசத்துல இவங்க அங்க உக்காந்துட்டு நம்மளத் திட்டோணுமா?" என்றவர் டீச்சரிடம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க அக்கா. பாக்கி ஏழுக்கும் ஆணியடிச்சு வெச்சிருந்தோம். நீங்க பாக்க வர்றீங்கன்னதும் இவருதான் ஆணியப் புடுங்கினாரு. மெட்ராஸ்காரங்க காத்து வருமான்னுதான் கேப்பாங்கன்னு புரோக்கர் சொல்லிட்டானுங்க."

துரை சிரிப்பை அடக்க முடியாமல் நுங்குத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

"முகட்டுக் காத்துங்க அது" என்றார் ஞானாம்பாள். "ஆடி மாசம் கூரையவே தூக்கும். அடுப்புல தீ நிக்காது. சோறு எலையில விழறதுக்குள்ள ஆறிப் போகும். நாலு கம்பளி போத்தினாலும் முதுகுல ஊசி குத்துறாப்பல இருக்கும். அதுக்குப் பயந்துதான் மக ஊட்டுக்கே போறோம். எங்க ஊருல ஊடு பாக்கறவங்க காத்து வருமான்னு கேக்க மாட்டாங்க அக்கா. காத்து வராதில்லன்னுதான் கேப்பாங்க."

பொன்னுசாமிக்குத் தலை தொங்கிவிட்டது. "தப்புதானுங்க சார். நீங்க அன்னிக்கு வேட்டி பறக்கப் பறக்க சிரிச்சீங்க. இவருக்கு இதுதான் புடிக்குதாட்ட இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்."

ஜெயவேலு மெள்ளத் திரும்பினார். சாத்திய ஜன்னலைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார்.

"இப்ப இன்னா பண்ணலாம்ன்ற டீச்சர்?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "வோணும்னா நாமளும் ஆணி அடிச்சிக்கலாம். பேசி முடிச்ச வூடு. தட்டு வேற வச்சாச்சு. நாலு பேர்கிட்ட சொல்லிகினு கீறேன், முகட்டு வூடு, எட்டு ஜன்னல்னு."

தையல்நாயகி தட்டில் இருந்த கவரை எடுத்தார். வெற்றிலையையும் பழத்தையும் மட்டும் தட்டோடு ஞானாம்பாளிடம் கொடுத்தார். கவரைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வீட்டுக்கு வந்தவங்களுக்கு மரியாதை. அட்வான்ஸ் இல்ல. அந்த வீடு எனக்கு வேணாங்க."

"டீச்சர்..."

"சொல்லி முடிச்சிடறேங்க. இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஜன்னல் எங்கன்னு நீங்க சொன்னீங்க. ஒண்ணுகூடத் தப்பினதில்ல. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷமா உங்க காத்துலதான் நான் தூங்கி எழுந்திருக்கேன். ஆனா அது இந்த ஊர் காத்து. அந்த ஊர் காத்து உங்களுக்குப் புதுசு. அன்னிக்கு அந்தக் கல் சுவத்துல கையை வச்சதுமே எனக்குத் தெரிஞ்சது, இதுதான்னு. வாயத் திறந்து சொல்லாம விட்டது என் தப்பு. நான் குளிர்ல போத்திக்கிட்டுத் தூங்கணும்னுதான் கேட்டேன். குளிர்ல நடுங்கணும்னு கேக்கல."

ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் அது. அசெம்பிளியில் ஐந்நூறு பிள்ளைகளை நிறுத்தி வைக்கிற குரல். ஆனால் மடியில் இருந்த கவரை அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவர் முடித்த விஷயத்தை நாலு பேர் முன்னால் வேண்டாமென்று சொல்வது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

ஜெயவேலு துண்டை உதறித் தோளில் போடப் போனார். துண்டு ஜன்னல் சந்தில் இருந்தது. வெறும் தோளோடு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

"அப்போ கோத்தகிரி கேன்சலா?" என்று துரை சமையல் கட்டிலிருந்து குதித்துக்கொண்டு வந்தான். "சூப்பர்மா! நான்தான் அப்பவே சொன்னேனே!"

"வீடு வேணாம்னுதானே சொன்னேன்? ஊர் வேணாம்னு யாருடா சொன்னா?" என்ற டீச்சர், ஞானாம்பாளிடம் திரும்பினார். "சரிவுக்குக் கீழ ஒரு கல் வீடு பூட்டிக் கிடக்கே. அது யாருது?"

"அதுவாக்கா! எங்க ஊருலயே அடக்கமான ஊடு அதுதான். கணப்புல நாலு கரி போட்டா விடிய விடிய சூடு நிக்கும்" என்றார் ஞானாம்பாள். "அது உங்க ஊர்ப்பக்கத்து ஆளோடதுதானுங்க. பல்லாவரத்துல மரக்கடை வெச்சிருக்காரு. துளசிங்கம்னு பேரு. பொண்ணோட வருவாரு. இப்ப கொஞ்ச நாளா வாரதில்ல."

துரை கையில் இருந்த தட்டு சாய்ந்து நுங்கு தரையில் விழுந்தது.

"அவர் விக்க மாட்டாரும்மா" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா சொன்னேன்."

அவனுடைய காது இரண்டும் சிவந்திருந்தன. நுங்கைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்தவன், அம்மா அந்தப் பக்கம் திரும்பும் வரையில் நிமிரவில்லை.

*

கணவருக்குக் காபி எடுத்துக்கொண்டு தையல்நாயகி மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். மேலே பேச்சுச் சத்தம் கேட்டது.

அடுத்த வீட்டு மொட்டை மாடியில் தசரதன். அவர் வீட்டு ஜன்னலும் ஜெயவேலு விரல் நனைத்துச் சொன்னதுதான்.

"இன்னாண்ணா, மலை வூடு முடிஞ்சிதா? எட்டு ஜன்னலு வூடு?"

டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டார். என்ன சொல்லப் போகிறார்? ஏதாவது சாக்கு சொல்லித் தட்டிக்கழிப்பாரா? பார்ட்டி சரியில்லை, வில்லங்கம் என்று ஊர் வாயை அடைப்பாரா? சொன்னால் குற்றமும் இல்லை. காத்து ஜெயவேலு காற்றில் ஏமாந்தார் என்றால் கேம்ப் ரோடு முழுக்க ஒரு மாதத்துக்குச் சிரிக்கும்.

"முடியலப்பா" என்றார் ஜெயவேலு. "எங்க டீச்சரு வாணாம்னுட்டாங்க."

"ஏண்ணா?"

"காத்து ஜாஸ்தியாம்."

"காத்து ஜாஸ்தின்னு யாராச்சும் வூட்ட வாணாம்பாங்களா? இன்னாண்ணா பேஜாரா கீது?"

"நீயும் நானும் மாட்டோம். நமக்குத் தெரிஞ்சது சேலையூர் காத்து மட்டும்தான்." ஜெயவேலு குரலை உயர்த்தினார். தசரதனுக்கு மட்டும் என்றால் அவ்வளவு சத்தம் தேவையில்லை. நாலு மொட்டை மாடிக்குக் கேட்கிற குரலில் சொன்னார். "நான் பட்டிக்காட்டான் முட்டாய்க் கடைய பார்த்தா மாரி வேட்டி பறக்குதுன்னு சிரிச்சிகினு நின்னேன். அவுங்க செவுத்துல கைய வச்சே கண்டுபுடிச்சிட்டாங்க, எது குடியிருக்கற வூடுன்னு. நான் இருபது வருசமா விரலத் தூக்கிகினு திரியறேன். எங்க டீச்சருக்கு ஒரே தபா உள்ளங்கை போதும். தெரிஞ்சிக்க!"

படியில் நின்ற டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிட்டையர்மென்ட் விழாவில் எத்தனையோ பேர் மேடையில் பாராட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள். அப்போதெல்லாம் வராத கண்ணீர் இது. பெருமை தாங்க முடியாமல் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. காபியைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

*

மலைக்காரர்கள் ரயிலுக்குக் கிளம்பினார்கள். வாசலில் ஞானாம்பாள் தன் மப்ளரைக் கழற்றித் தையல்நாயகி கையில் வைத்தார். "கோயமுத்தூருல எனக்கு இது எதுக்குங்க அக்கா? நீங்க எப்படியும் அங்க வந்துருவீங்க."

அவர்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வரப் போன துரை சீக்கிரமே திரும்பி வந்தான். முகம் கழுவினான், சட்டையை மாற்றினான். எங்கேடா என்று கேட்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டான். வண்டி கேம்ப் ரோடு திரும்பி, பல்லாவரம் போகிற பக்கம் போன சத்தம் கேட்டது.

"இவன் எங்க போறான் இந்நேரத்துக்கு?" என்றார் டீச்சர்.

ஜெயவேலுவின் காதில் அது விழவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். போகும்போது ஞானாம்பாள் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். முழு வேகத்தில் கடல் காற்று வந்துகொண்டிருந்தது. காலண்டர் ஓயாமல் படபடத்தது.

ஜெயவேலு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார். அப்புறம் போய் முதல் ஜன்னலைச் சாத்தினார்.

"என்னங்க பண்றீங்க?"

இரண்டாவது. மூன்றாவது. நான்காவதற்குக் கொக்கி போட்டுவிட்டுத் துண்டை எடுத்து முறுக்கினார். ஞானாம்பாள் செய்ததுபோலவே சந்தில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினார். சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடியும் முறுக்கித் திணித்தார்.

"கரண்ட் கூட வரல. வேத்துக் கொட்டுது உங்களுக்கு. திறங்க அதை."

"கொட்டட்டும்" என்றார் ஜெயவேலு. நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தக் கல்லு வூட்டுல குடியிருக்கணும்னா இப்பலேர்ந்து பழகிக்க வாணாமா?"

தையல்நாயகி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பனை விசிறியை எடுத்து அவருக்கு வீசினார்.

தெருவில் கீரை விற்றுக்கொண்டு போன அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். கடல் காற்று அடிக்கிற நேரத்தில் காத்து ஜெயவேலு வீட்டு ஜன்னல் நான்கும் சாத்தியிருந்தன.